டகோட்டாவை 72இல் ஒரு பங்காகக் கட்டுதல்

டகோட்டா விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 29.11 மீட்டர். அதை 72ஆல் வகுத்தால் 404 மில்லிமீட்டர். மூக்கிலிருந்து வால் வரை 19.43 மீட்டர், 72ஆல் வகுத்தால் 270 மில்லிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளின் முப்பது சென்டிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தால் உடல் அதற்குள் அடங்கிவிடும், இறக்கை அதைத் தாண்டி நீளும். இரண்டாம் உலகப் போரில் 28 வீரர்களையோ இரண்டே முக்கால் டன் அளவுச் சரக்கையோ சுமந்து பறந்த விமானம் இந்த அளவில் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் நிற்கும்.

72 என்ற எண் காரணமின்றி வந்ததல்ல. ஆறு அடிக்கு 72 அங்குலம். ஆகவே இந்த விகிதத்தில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குல உயரம் நிற்பான். அடியும் அங்குலமும் புழங்கிய பிரிட்டனில் 1930களில் மாதிரி விமானம் செய்தவர்களுக்கு இது கணக்குக்கு எளிதாக இருந்தது. 1936இல் ஃப்ராக் நிறுவனம் பென்குயின் என்ற பெயரில் விற்ற முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளும் இதே விகிதத்தில்தான் வந்தன. பிறகு போர் வந்தது. வானத்தில் தெரிவது சொந்த விமானமா எதிரி விமானமா என்று நொடியில் அடையாளம் காண வீரர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் மரத்தில் 5 லட்சம் விமான மாதிரிகள் செய்து தரக் கேட்டது. அவையும் 1/72 தான். அப்படிப்பட்ட மாதிரியை 11 மீட்டர் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், அசல் விமானம் ஏறக்குறைய 800 மீட்டர் தொலைவில் பறப்பதைப் பார்ப்பது போலிருக்கும். இன்று பொழுதுபோக்காக நடக்கும் இந்த வேலையின் வேரில் உயிர் காக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது.

அசலை அறியாமல் மாதிரியைத் தொடங்கக் கூடாது. டகோட்டா பிறந்தது போருக்காக அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கு, பயணிகள் படுத்து உறங்கிச் செல்லும் விமானம் வேண்டியிருந்தது. டக்ளஸ் நிறுவனம் தன் டிசி-2 விமானத்தின் உடலை அகலப்படுத்தி 14 படுக்கைகளோடு புதிய விமானம் ஒன்றைச் செய்தது. அது 1935 டிசம்பர் 17 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முதன்முதலாகப் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. படுக்கைக்குப் பதில் 21 இருக்கைகள் போட்டபோது அது டிசி-3 ஆயிற்று. போர் நெருங்கியதும் ராணுவம் அதன் தரையை வலுப்படுத்தியது, இடப்பக்கம் பின்புறத்தில் இரட்டைக் கதவு வைத்தது, வால் முனையை வெட்டிக் கிளைடரை இழுக்கும் கொக்கி பொருத்த இடம் செய்தது. அதுவே சி-47. அமெரிக்கர் ஸ்கைட்ரெயின் என்றனர், பிரிட்டிஷார் டகோட்டா என்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் டகோட்டா என்ற பெயரே நிலைத்தது. லாங் பீச், ஓக்லஹோமா சிட்டி ஆலைகளில் முக்கியமாக உருவான ராணுவ வகைகளின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியது. புல்டோசர், ஜீப், இரண்டரை டன் லாரி ஆகியவற்றோடு சி-47ஐயும் வெற்றிக்கு உதவிய முக்கியக் கருவிகளில் ஒன்றாக அமெரிக்கத் தளபதி ஐசனோவர் பின்னாளில் எழுதினார். அந்த நான்கில் ஒன்றுகூடச் சுடும் ஆயுதம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குடும்ப வரலாறு மாதிரி செய்பவருக்கு நேரடியாகப் பயன்படுகிறது. டிசி-3க்கும் சி-47க்கும் உள்ள வேறுபாடுகளில் பல வெளியே தெரிபவை. வால் முனை சி-47இல் குட்டையாக, வெட்டுண்டது போல் முடியும். விமான ஓட்டிகளின் அறைக்குப் பின்னால், முதுகின் மேல் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். விண்மீன்களைப் பார்த்துத் திசை கணிக்க அது. சன்னல் கண்ணாடிகளின் நடுவே ரப்பர் அடைப்பு வைத்த சிறு துளை இருக்கும். உள்ளிருக்கும் வீரர்கள் தேவைப்பட்டால் துப்பாக்கி முனையை வெளியே நீட்டுவதற்கான ஏற்பாடு அது. 1/72இல் அந்தத் துளை ஊசி முனை அளவுப் புள்ளிதான். ஆனால் அது இருந்தால் அந்த விமானம் போருக்குப் போனது என்று கண் உடனே கண்டுகொள்ளும்.

அடுத்த கேள்வி: எந்த டகோட்டா? பத்தாயிரம் டகோட்டாக்களுக்கும் பொதுவான ஒரு டகோட்டா என்று எதுவும் கிடையாது. குறிப்பிட்ட ஒரு விமானம், குறிப்பிட்ட ஒரு நாளில் எப்படி இருந்ததோ அதைக் காட்டுவதே மாதிரி. நாள் மாறினால் பெயின்ட் மாறும், எழுத்து மாறும், கதவு இருப்பதும் இல்லாததும் மாறும். இந்த ஒரு முடிவை முதலில் எடுத்துவிட்டால் பின்னால் வரும் நூறு முடிவுகள் தாமாகவே அமைந்துவிடும். இதை எடுக்காமல் பெட்டியைப் பிரிப்பவர் பாதி வேலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

இங்கே எடுத்துக்கொள்ளும் விமானம் ‘தட்ஸ் ஆல், பிரதர்’. ‘அவ்வளவுதான், தம்பி’ என்று ஹிட்லருக்குச் சொன்ன செய்தியே அதன் பெயர். வரிசை எண் 42-92847. 1944இல் ஓக்லஹோமா சிட்டியில் கட்டப்பட்டது. 1944 ஜூன் 5 இரவு இங்கிலாந்தின் கிரீனம் காமன் தளத்திலிருந்து புறப்பட்டு, பிரான்சின் நார்மண்டி மீது பாராசூட் வீரர்களை இறக்கச் சென்ற 800க்கும் மேற்பட்ட விமானங்களின் பிரதான அணிக்கு முன்னால் பறந்தது. போருக்குப் பின் பல கை மாறி, கடைசியில் விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் டர்பைன் எஞ்சின் பொருத்தி மாற்றப்படுவதற்காகக் காத்துக் கிடந்தது. அதன் வரலாறு தெரியவந்ததும் பழைய விமானங்களைப் பேணும் அமைப்பு ஒன்று அதை வாங்கிச் சீரமைத்தது. 2018இல் மீண்டும் பறந்து, 2019இல், நார்மண்டி நிகழ்வின் 75ஆம் ஆண்டில், அதே கடற்கரைக்குப் போய் வந்தது. அசல் இன்றும் இருக்கிறது, படங்கள் ஏராளம், நாள் தெளிவு. மாதிரி செய்பவருக்கு இதைவிட நல்ல ஆதாரம் அமைவது அரிது.

இந்தியக் கதையைச் சொல்ல விரும்புபவருக்கு 1947 அக்டோபர் 27 இருக்கிறது. அன்று காலை 12ஆம் ஸ்குவாட்ரன் டகோட்டாக்கள் டில்லியிலிருந்து முதலாம் சீக்கியப் பட்டாலியன் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கின. அவற்றில் முதலாவதாகக் குறிப்பிடப்படும் விபி 905 என்ற எண்ணையே, பிரிட்டனில் சீரமைக்கப்பட்டு 2018இல் இந்திய விமானப் படையில் சேர்ந்த ‘பரசுராமா’ டகோட்டாவுக்கும் இட்டிருக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காவி, வெள்ளை, பச்சை வட்டம் 1950இல் நாடு குடியரசான பின் வந்த சின்னம். அதை 1947 விமானத்தின் மேல் ஒட்டினால் மற்ற எல்லா உழைப்பும் பொய்யாகிவிடும். அந்த வட்டம் வேண்டுமென்றால் 1971 டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் பாராசூட் வீரர்களை இறக்கிய அணியில் இருந்த டகோட்டாக்களைச் செய்யலாம். அசலை அருகில் போய்ப் பார்க்க நினைப்பவர், 2023இல் கொல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து புவனேசுவரம் விமான நிலையம் அருகே வைத்திருக்கும், ஒடிசாவின் முன்னாள் முதல்வர் பிஜு பட்நாயக்கின் டகோட்டாவைப் பார்க்கலாம். இலங்கைத் தமிழர்க்கும் சென்னைவாசிகளுக்கும் இந்த விமானம் அன்னியமல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் சேவையை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது டகோட்டாவில்தான்.

கிட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1/72இல் ஏர்ஃபிக்ஸ் 2014இல் புதிய அச்சில் வெளியிட்ட டகோட்டா கிட் நல்ல தொடக்கம். இத்தாலேரியின் பழைய கிட்டும் உருவத்தில் குறையற்றது. பெரிதாகச் செய்ய விரும்புபவர் 1/48க்குப் போகலாம். அப்போது இறக்கை 606 மில்லிமீட்டர் ஆகும், அலமாரியை முதலில் அளந்துகொள்ள வேண்டும். அந்த அளவில் மோனோகிராம் கிட்டின் தகட்டுக் கோடுகள் மேலே புடைத்து நிற்கும். ட்ரம்பெட்டர் கிட்டில் உள்ளே குழிந்திருக்கும். குழிந்த கோடு பெயின்டுக்குப் பின்னும் தெளிவாக இருக்கும். ஆனால் 1/72இல் 0.3 மில்லிமீட்டர் அகலக் கோடு என்பது அசலில் இரண்டு சென்டிமீட்டர் பள்ளம். எந்த விமானத் தகடுகளுக்கிடையிலும் அப்படி ஒரு பள்ளம் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கோடுகளைக் கருப்பாக அழுத்திக் காட்டும் ஆசை அடங்கும்.

கிட் பெட்டியில் துண்டுகள் ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஆலையில் அச்சிலிருந்து துண்டு எளிதாகக் கழலத் தடவிய எண்ணெய்ப் பசை அதன் மேல் இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஒருமுறை அலசிக் காயவைத்த பின்பே தொட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் பின்னால் தோல் உரிவது போல் உரியும். துண்டைக் கையால் முறித்து எடுப்பது தவறு. நிப்பரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400 எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து, 1000இல் மெருகேற்ற வேண்டும். எந்தத் துண்டையும் ஒட்டும் முன் ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். கைதேர்ந்தவர்களும் தவறாமல் கடைப்பிடிக்கும் வழக்கம் இது.

போர் விமானத்தில் வேலை மூக்கிலிருந்து தொடங்குகிறது. சரக்கு விமானத்தில் அது வயிற்றிலிருந்து தொடங்குகிறது. இது பலரும் கவனிக்காத இடம். கிட் கையேடு உட்புறத்தை இரண்டு படத்தில் முடித்துவிடும். கதவை மூடி ஒட்டிவிட்டால் உள்ளே ஒன்றும் தெரியாது என்று பலரும் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் டகோட்டா எதற்காக இருந்ததோ அது அந்த வயிற்றுக்குள்தான் நடந்தது. கதவு மூடிய சரக்கு விமானம் வெளிக்கோடு மட்டும் வரைந்த படம் போன்றது. இரட்டைக் கதவின் திறப்பு அசலில் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். மாதிரியில் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். அந்த 30 மில்லிமீட்டர் வழியாகத்தான் பார்ப்பவர் கண் உள்ளே நுழைகிறது.

உட்புறச் சுவர்களின் அடித்தளம் சிங்க் குரோமேட் பூச்சின் மஞ்சள் கலந்த பச்சை. அரிப்பைத் தடுக்க அலுமினியத்தின் மேல் ஆலையிலேயே பூசியது. ஓட்டிகளின் அறை அதைவிட அடர்ந்த பச்சை. சுவரில் குறுக்கே ஓடும் விலா எலும்பு போன்ற சட்டங்களைக் கிட் அச்சிலேயே தந்திருக்கும். அவற்றுக்கிடையே நீர்த்த பழுப்புப் பெயின்டைத் தூரிகை நுனியால் ஓடவிட்டு, காய்ந்த பின் மேடுகளில் மட்டும் வெளிர்ப் பச்சையை உலர் தூரிகையால் தேய்த்தால் சட்டங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். இருபுறமும் சுவரோரமாக மடக்கும் இருக்கைகள். வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்ந்தார்கள். 28 பேருக்கு இடம் இருந்தாலும் நார்மண்டி இரவில் ஒரு விமானத்தில் பெரும்பாலும் 15 முதல் 18 பேரே இருந்தனர், ஒவ்வொருவரும் தாங்க முடியாத மூட்டை முடிச்சோடு. தரையில் சரக்கைக் கட்டும் வளையங்கள் வரிசையாக இருக்கும். தரை இயல்பாகவே பின்னோக்கிச் சரிந்திருக்கும், ஏனெனில் விமானம் நிலத்தில் வாலைத் தாழ்த்தி நிற்பது. உள்ளே ஜீப் ஒன்றை நிறுத்த விரும்புபவர் அது முன்னோக்கி ஏற்றத்தில் நிற்பதை மறக்கக் கூடாது.

தலைக்கு மேலே முன்னிருந்து பின் வரை ஓர் எஃகுக் கம்பி. பாராசூட் வீரர் ஒவ்வொருவரும் தன் பாராசூட்டைத் திறக்கும் நாடாவின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நகர்வார். அந்தக் கம்பியை மாதிரியில் செய்வதற்குக் கடைக்குப் போக வேண்டாம். தூக்கி எறியப் போகும் ஸ்ப்ரூவில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், உருட்டிக்கொண்டே சூடாக்க வேண்டும். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கும். அந்தக் கணத்தில் சுடரை விட்டு வெளியே எடுத்து இரு கைகளையும் மெதுவாக, ஒரே வேகத்தில் விலக்க வேண்டும். நடுவில் பாகு இழுபடுவது போல் இழை நீளும். வேகமாக இழுத்தால் சிலந்தி இழை, மெதுவாக இழுத்தால் நூல். பத்து நொடி அப்படியே பிடித்திருந்தால் விறைத்துவிடும். வேண்டிய தடிமனில் வேண்டிய நீளத்தை வெட்டிக்கொள்ளலாம். வெளியே கட்டும் வானொலி ஏரியல் கம்பிக்கும் இதுவே போதும்.

கதவுக்கு வருவோம். இரட்டைக் கதவின் முன்பாதியில் பாராசூட் வீரர் குதிக்கும் சிறு கதவு அடங்கியிருந்தது. நார்மண்டிக்குப் போன விமானங்களில் அந்தச் சிறு கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பறந்தார்கள். குதிக்கும்போது நாடாவோ உடையோ சிக்கிவிடாதபடி கதவோரத்துக் கீல்கள் மேலும் கூரான விளிம்புகள் மேலும் ஒட்டு நாடாவைச் சுற்றியிருந்தார்கள். மாதிரியில் அது அரை மில்லிமீட்டர் அகல வெளிர்ப் பட்டை. மாஸ்கிங் டேப்பில் அவ்வளவு மெல்லிய கீற்றைப் புதிய பிளேடால் அறுத்து இடுக்கியால் வைத்து ஒட்ட வேண்டும். பார்ப்பவரில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கும் அந்த ஒருவர், யாரோ ஒரு படைவீரன் புறப்படும் முன் நின்று தன் கையால் அந்த நாடாவை ஒட்டியிருக்கிறான் என்பதை உணர்ந்துகொள்வார். இந்தப் பட்டைக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவது முற்றிலும் தகும்.

உள்வேலை முடிந்த பின்பே உடலின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். பிளாஸ்டிக் கிட்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. மாதிரிகளுக்கான நீர்த்த பசை உண்மையில் பசையே அல்ல, பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் மேல் தூரிகையால் தொட்டால் அது தானே இடுக்கில் ஓடிப் பரவும். இரு விளிம்பும் கரைந்து ஒன்றாகி, திரவம் ஆவியான பின் பற்ற வைத்தது போல் ஒரே துண்டாகிவிடும். லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் சிறு வரம்பாகப் பிதுங்கி வெளியே வரும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. விட்டுப்போன பள்ளங்களுக்கு, கார் பட்டறையில் செய்வது போலவே பட்டி பார்க்க வேண்டும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்வது அவசியம். ஆவி தலைவலி தரும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை உலோகத் துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சன்னல் கண்ணாடிகளுக்கு அருகே அதைக் கொண்டுபோனால் அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படிந்துவிடும். கண்ணாடிக்கு ஃபெவிகாலே நல்லது. வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் நிறமற்றுப் போகும், தவறினால் ஈரத்துணியால் துடைத்தும் விடலாம்.

இறக்கையில்தான் டகோட்டாவின் முகம் இருக்கிறது. இரு எஞ்சின்களையும் தாங்கும் நடுப்பகுதி தட்டையாக, தரைக்கு இணையாக ஓடும். எஞ்சின்களுக்கு வெளியே தொடங்கும் புற இறக்கைகள் சுமார் 5 பாகை மேல்நோக்கி எழும். முன்விளிம்பு பின்னோக்கிச் சாய, பின்விளிம்பு ஏறத்தாழ நேராக இருக்கும். மாதிரியின் இறக்கை நுனியில் அந்த எழுச்சி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். பசை காயும்போது ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் தொய்ந்தாலும் முன்னால் நின்று பார்ப்பவருக்கு விமானம் நொண்டுவது போலத் தெரியும். அட்டையில் சரியான கோணத்தை வெட்டி இரு பக்கமும் முட்டுக் கொடுத்துக் காயவிடுவதே வழி. நடுப்பகுதியும் புற இறக்கையும் சேரும் இடத்தில் அசலிலேயே மேலெழுந்த பட்டை ஒன்று உண்டு, போல்ட்டுகளை மூட. அதைப் பிசிறென்று நினைத்துத் தேய்த்துவிடக் கூடாது. திசைமாற்றும் பரப்புகளான சுக்கான், வால் மடிப்பு, இறக்கை நுனி மடிப்பு ஆகியவை அசலில் துணி போர்த்தவை. அவற்றின் மேல் ஆணிக் குறிகள் வரக் கூடாது. ஆணி என்றதும் ஒரு கணக்கு: 3 மில்லிமீட்டர் ஆணித் தலை 72ஆல் வகுபடும்போது 0.04 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. விமானம் முழுக்கத் துளைத்துக் குறியிடுவதைவிட, முதுகிலும் எஞ்சின் கூட்டுக்குப் பின்னாலும் மட்டும் லேசாகக் கோடிட்டுக் காட்டுவது கண்ணுக்கு உண்மையாகப் படும்.

எஞ்சின் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், 1,200 குதிரைத் திறன். இரண்டு அடுக்கில் ஏழேழு சிலிண்டராகப் பதினான்கு. பழைய டிசி-3களில் ஒன்பது சிலிண்டர் ரைட் எஞ்சினும் உண்டு; படம் தேடும்போது இரண்டும் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். முன்சக்கரங்கள் மேலே மடங்கிய பின்னும் எஞ்சின் கூட்டுக்குக் கீழே பாதி வெளியே தெரியும், மூடும் கதவு கிடையாது. மாதிரி வாலில் சாய்ந்து நிற்பதால் மூக்கில் ஈயக் குண்டு வைக்கத் தேவையில்லை. மூக்குச் சக்கர விமானங்களில் இது பெரிய தொல்லை. புரொப்பல்லர் கருப்பு, நுனியில் 4 அங்குல மஞ்சள். மாதிரியில் 1.4 மில்லிமீட்டர். முதலில் மஞ்சள் அடித்து, நுனியை டேப்பால் மூடி, பிறகு கருப்பு அடிப்பதே சரியான வரிசை.

பெயின்ட் வேலை பிரைமரில் தொடங்குகிறது. சாம்பல் பிரைமர் ஒரு பூச்சு அடித்தவுடன் அதுவரை ஒளிந்திருந்த கீறலும் பசைக் கறையும் வெளியே வந்து நிற்கும். அவற்றைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும், சில சமயம் மூன்று முறை. மேற்பரப்பு ஆலிவ் டிராப் எனும் பழுப்புப் பச்சை, அடிப்பரப்பு சாம்பல். தொழிற்சாலை நிறத்தை அப்படியே டப்பாவிலிருந்து அடித்தால் மாதிரி இருண்டு, கட்டையாகத் தெரியும். தூரத்து மலை நீலமாக வெளுத்துத் தெரிவது போல், தள்ளி நிற்கும் எந்தப் பொருளின் நிறமும் வெளுக்கிறது. 404 மில்லிமீட்டர் விமானத்தைப் பார்ப்பவர் உண்மையில் தொலைவிலுள்ள விமானத்தைப் பார்க்கிறார். ஆகவே சில துளி வெளிர்ச் சாம்பலோ மஞ்சளோ கலக்க வேண்டும். துணி போர்த்த பரப்புகளில் வெயிலுக்கு நிறம் வேறுவிதமாக வெளுத்திருக்கும். அங்கே கலவையைச் சற்று மாற்ற வேண்டும். ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. இல்லாதவர் நீர்த்த பெயின்டை அகலத் தூரிகையால், முதல் பூச்சு நீளவாக்கிலும் காய்ந்த பின் இரண்டாம் பூச்சு குறுக்குவாக்கிலும் அடித்தால் வரி தெரியாது.

நார்மண்டி விமானத்தின் அடையாளம் கருப்பு வெள்ளைப் பட்டைகள். சொந்தப் படையே தங்கள் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக இட்டவை. அதற்கு முந்தைய ஆண்டு சிசிலியில் அப்படி நடந்து ஏராளமான பாராசூட் வீரர்கள் இறந்திருந்தார்கள். இரட்டை எஞ்சின் விமானங்களுக்கு ஒவ்வொரு பட்டையும் 24 அங்குலம்: வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு, வெள்ளை. மாதிரியில் ஒவ்வொன்றும் 8.5 மில்லிமீட்டர், ஐந்தும் சேர்ந்து 42 மில்லிமீட்டர். எஞ்சின்களுக்கு வெளியே இறக்கையைச் சுற்றியும், வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றியும் வரும். ரகசியம் காக்க, உத்தரவு கடைசி நேரத்தில்தான் வந்தது. தரைப் பணியாளர்கள் ஜூன் 3, 4 தேதிகளில் கிடைத்த தூரிகையை எடுத்துக்கொண்டு, துடைப்பத்தாலும்கூட, அவசர அவசரமாக அடித்தார்கள். விளிம்புகள் கோணின, வெள்ளைக்குள் பச்சை எட்டிப் பார்த்தது.

இங்கேதான் பல மாதிரிகள் தவறிவிடுகின்றன. கிட்டில் வரும் பட்டை டெக்கால்கள் (நீரில் நனைத்து ஒட்டும் படங்கள்) கத்தியால் அறுத்தது போல் நேராக இருக்கும். டேப் ஒட்டி அடித்தாலும் அப்படியே வரும். வரிசைக்கிரமமாக டேப் ஒட்டி அடித்த பின், சில விளிம்புகளை நுனித் தூரிகையால் கையாலேயே லேசாக மீறி இழுக்க வேண்டும். வெள்ளை ஒரே அடர்த்தியாக இருக்கக் கூடாது. சில இடத்தில் மெல்லியதாக விட்டால் அடியிலுள்ள பச்சை நிழலாகத் தெரியும். அதற்காகக் கிறுக்கிவிடவும் கூடாது. அந்தப் பணியாளர்கள் அவசரத்தில் இருந்தார்களே தவிர வேலை தெரியாதவர்கள் அல்லர். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓரிரு மாதங்களுக்குள் மேற்பரப்புப் பட்டைகளை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மேலும் கீழும் முழுப் பட்டையோடு நிற்கும் டகோட்டா 1944 ஜூன் மாதத்தை ஒட்டிய சில வாரங்களுக்கே உரியது.

எண்ணும் எழுத்தும் டெக்கால்களாக வரும். மங்கலான பரப்பில் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். பிறகு டெக்காலை நீரில் நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு இடத்தில் வைத்து, மென்மையாக்கும் திரவம் தொட்டால் அது சுருங்கி, பின் விரிந்து, தகட்டுக் கோடுகளுக்குள் படிந்துவிடும். சுருங்கும்போது பதறிக் கை வைக்கக் கூடாது. காய்ந்த பின் மறுபடி ஒரு பூச்சு, அதன் மேல் கோடுகளுக்கு நீர்த்த பழுப்பு, கடைசியில் மங்கல் வார்னிஷ். இவை எல்லாம் முடிந்ததும் புகை, சேறு, தேய்மானம். கதவருகே பூட்சுகள் உரசிய இடத்தில் பெயின்ட் தேய்ந்து அலுமினியம் தெரியும். இறக்கைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட வளைவில் பணியாளர் நடந்த தடம் இருக்கும். எஞ்சின் புகை இறக்கை மேல் பின்னோக்கிப் படியும். ஆனால் ‘தட்ஸ் ஆல், பிரதர்’ அன்றைக்குச் சில மாத வயதே ஆன விமானம். பல வருட அழுக்கை அதன் மேல் ஏற்றுவது தவறு.

கட்டி முடித்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள், நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் டெக்கால் மஞ்சளிக்கும். தூசியைத் துடைக்கப் போகும் கை ஏரியல் கம்பியை அறுக்கும். பீடத்தின் அடியில் ஒரு தாள் ஒட்ட வேண்டும்: விமானத்தின் வரிசை எண், அது எந்த நாளில் நின்ற தோற்றம், எந்தப் படங்களைப் பார்த்துச் செய்தது, எந்தப் பெயின்ட்டில் எதை எவ்வளவு கலந்தது, கட்டி முடித்த தேதி. ஊகித்துச் செய்த இடங்களை ஊகம் என்றே அந்தத் தாளில் எழுதிவைக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. டகோட்டா செய்யும் எவரும் இதைச் செய்யாமல் பெட்டியை மூடிவிட வேண்டாம்.